வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற வெல்டிங் யந்திரம் எது?

நம்முடைய வீடுகளில் இரும்பு இல்லாத மூலை இல்லை. வாசற் கேற், யன்னற் கம்பி, கிணற்றுக் கப்பியைத் தாங்கும் சட்டம், துவிச்சக்கர வண்டியின் கரியர், பூச்சாடித் தாங்கி, பிள்ளைகளின் படிப்பு மேசையின் கால் என்று அது எங்கும் பரந்து நிற்கின்றது. மரச் சாமான் ஒன்று உடைந்தால் ஆணியும் பசையும் கொண்டு நாமே அதனைத் திருத்திக்கொள்கிறோம். இரும்பிலே ஒரு பொருத்து விட்டுப்போனாலோ, பட்டறையைத் தேடி நடப்பதைத் தவிர வேறு வழியறியாது நிற்கிறோம்.

இந்த நிலை இப்போது மாறி வருகின்றது. ஒரு காலத்தில் இருவர் சேர்ந்து தூக்கவேண்டியிருந்த வெல்டிங் யந்திரம், இன்று ஒரு கையிலே தொங்கவிடக்கூடிய சிறு பெட்டியாகச் சுருங்கிவிட்டது. விலையும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் அளவுக்கு இறங்கியுள்ளது. ஆகவே, ஓய்வு நேரத்திற் கைத்தொழில் பழக விரும்பும் மாணவரும், வீட்டுத் திருத்த வேலைகளைத் தாமே செய்ய விழையும் குடும்பத் தலைவரும் இதனை வாங்க முற்படுதல் இயல்பே. கொழும்புப் பழைய சோனகத் தெருவிலாயினும், ஏனைய நகரங்களின் இரும்புக் கடைகளிலாயினும், இத்தகையோருக்கும் கடைக்காரருக்குமிடையே நடைபெறும் உரையாடல் பெரும்பாலும் ஒரே மாதிரியானது.

"எத்தினை அம்பியர் மெசின் இருக்குது, அண்ணை?"

"200 இருக்குது, 250 இருக்குது, 300-உம் இருக்குது தம்பி. பெரிசா எடுத்தால் பிறகு யோசிக்கத் தேவையில்லை."

பிறகு யோசிக்கத் தேவையில்லை என்னும் அந்த வார்த்தையிலேதான் ஆபத்து மறைந்திருக்கின்றது. யந்திரத்தின் முகத்திற் பெரிதாய் எழுதப்பட்டிருக்கும் எண், வாங்குவோர் கேட்கவேண்டிய கடைசிக் கேள்வியேயன்றி முதற் கேள்வியன்று. எந்த இரும்பை ஒட்டப்போகிறோம், அதற்கு வேண்டிய மின்சாரத்தை நம் வீட்டுக் கம்பி தாங்குமா, கண்ணையும் உயிரையும் காப்பது எது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அந்த எண்ணை நோக்குதல் வேண்டும்.

உருக்கி ஒட்டுவதன் தத்துவம்

இரும்பு உருகும் வெப்பநிலை 1,538 பாகை செல்சியஸ். அடுப்பு நெருப்புக்கு எட்டாத இந்த வெப்பத்தை ஒரு சிறு புள்ளியில் உண்டாக்குவது மின்வில் ஆகும். மின்சாரம் பாயும் இரு முனைகளைத் தொடுவித்து மெல்ல விலக்கினால், இடையிலுள்ள காற்று வெளியூடாக மின்னோட்டம் பாய்ந்து ஒளிப்பிழம்பாக எரிகின்றது. அதன் வெப்பநிலை 6,000 பாகைக்கு மேலும் செல்லக்கூடியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹம்பிறி டேவி என்னும் அறிஞர் இவ்வொளியைக் காட்டினார். 1880-களில் ருஷ்ய நாட்டைச் சேர்ந்த பெனார்தொஸ் என்பவர் கரிக்கோல் கொண்டு இதனை உலோகம் ஒட்டப் பயன்படுத்தினார். 1888-இல் அந்நாட்டவரான சிலாவியானோவ், கரிக்கோலுக்குப் பதிலாக, தானே உருகி இணைப்பை நிரப்பும் உலோகக் கோலைக் கையாண்டார்.

ஆயினும் ஓர் இடையூறு எஞ்சி நின்றது. உருகிய இரும்பு காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறு உறிஞ்சிய இணைப்பு துளைகள் நிறைந்து, சிறிது அடித்தாலே முறிந்துபோகும். எனவே உருகிய குழம்பைக் காற்றிலிருந்து மறைத்துக் காப்பதே இக்கலையின் உயிர்நாடி. இன்று கடையிற் காணப்படும் மூவகை யந்திரங்களும், இந்தக் காப்பை எவ்வாறு அளிக்கின்றன என்பதிலேதான் முக்கியமாக வேறுபடுகின்றன.

மூவகை யந்திரங்கள்

முதலாவது, குச்சி வெல்டிங். சுவீடன் தேசத்தின் ஒஸ்கார் செல்பெரி என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உலோகக் கோலின்மேல் கனிப்பொருட் பூச்சொன்றை ஏற்றினார். அவர் 1904-இல் நிறுவிய எசாப் என்னும் நிறுவனம் இன்றும் புகழுடன் விளங்குகின்றது. பூச்சு எரியும்போது எழும் வாயு குழம்பைச் சூழ்ந்து காக்கின்றது. அதன் கசடு குழம்பின்மேல் ஆடைபோற் படர்ந்து, ஆறும்வரை மூடிக்கொள்கின்றது. கசடைச் சுத்தியலால் தட்டி அகற்றிவிடலாம். யந்திரம், குச்சிப் பெட்டி, முகமூடி ஆகிய இவை இருந்தால் வேலை தொடங்கலாம். திறந்த முற்றத்திற் காற்று வீசினாலும் வேலை கெடாது. சிறிது துருப்பிடித்த இரும்பையும் இது ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, மிக் எனப்படும் வகை. 1948-இல் அமெரிக்காவின் பற்றெல் ஆய்வு நிறுவனத்தில் உருப்பெற்ற முறை இது. சுருளிலிருந்து மெல்லிய கம்பி தானாக வந்துகொண்டேயிருக்க, உருளையிலிருந்து வரும் காப்பு வாயு அதனைச் சூழ்ந்து காக்கின்றது. இரும்புக்குக் காபனீரொட்சைட்டு, அல்லது ஆகன் வாயுவுடன் அது கலந்த கலவை பயன்படும். பழகுவதற்கு எளிது. மோட்டார் வாகனத்தின் உடற்தகடு போன்ற, ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய தகடுகளுக்கு இதுவே சிறந்தது. ஆனால் வாயு உருளைக்கான முற்பணம், அதனை நிரப்பும் செலவு, கொண்டுசெல்லும் சிரமம் ஆகியவை தொடர்ந்துவரும். காற்று வீசுமிடத்தில் வாயு கலைந்து இணைப்புத் துளைபட்டுப்போகும். வாயு இல்லாமலே எரியும், உள்ளே மருந்து நிரப்பிய கம்பியும் உண்டு. அதனைப் பயன்படுத்தும்போது நேர், மறை முனைகளை மாற்றிப் பொருத்தவேண்டும். அதற்கு வசதியுள்ள யந்திரமா என்பதைக் கேட்டறிதல் அவசியம்.

மூன்றாவது, டிக் எனப்படும் வகை. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானத் தொழிலுக்கென உருவாக்கப்பட்டது. உருகாத தங்குதன் முனையிலிருந்து மின்வில் எழும். ஆகன் வாயு காக்கும். மற்றக் கையால் நிரப்புக் கம்பியை ஊட்டவேண்டும். கறையில் உருக்கிலும் அலுமினியத்திலும் அழகான இணைப்பைத் தருவது இதுவே. அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேற்பரப்பிலுள்ள ஒட்சைட்டுப் படலமோ 2,000 பாகைக்கு மேலேதான் உருகும். அப்படலத்தை உடைக்க ஆடலோட்ட மின்சாரம் தரும் யந்திரம் வேண்டும். அது விலை மிகுந்தது. "டிக்கும் செய்யலாம்" என்று எழுதப்பட்ட மலிவான நேரோட்டப் பெட்டியை நம்பி அலுமினியச் சட்டியை ஒட்ட முற்படுவோர் ஏமாற்றமே அடைவர்.

வீட்டுப் பட்டறைக்கு வரும் வேலை யாது என்று எண்ணிப் பார்ப்போம். மேசைக்கால், பூச்சாடித் தாங்கி, கேற்றின் கீல், புத்தகத் தட்டு ஆகியவை பெரும்பாலும் 1.5 மில்லிமீற்றர் முதல் 5 மில்லிமீற்றர் வரை தடிப்புடைய மென்னுருக்குக் குழாயும் கோணச் சட்டமுமேயாம். இவ்வளவுக்கும் குச்சி வெல்டிங் போதுமானது. ஆகவே முதல் யந்திரம் வாங்குவோர் இதனையே தெரிந்தெடுத்தல் நன்று. வாகனத் தகட்டு வேலையே நோக்கமாயின் மிக் வகையை நாடலாம்.

எத்தனை அம்பியர் வேண்டும்?

குச்சியின் தடிப்பே இதனைத் தீர்மானிக்கின்றது. 2 மில்லிமீற்றர்க் குச்சிக்கு 40 முதல் 60 அம்பியரும், 2.5 மில்லிமீற்றர்க் குச்சிக்கு 60 முதல் 90 அம்பியரும், 3.2 மில்லிமீற்றர்க் குச்சிக்கு 90 முதல் 130 அம்பியரும் ஏறக்குறைய வேண்டும். மெல்லிய குழாய்க்கு முதலாவதும், 2 முதல் 4 மில்லிமீற்றர்ச் சட்டங்களுக்கு இரண்டாவதும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு மூன்றாவதும் பொருந்தும். 4 மில்லிமீற்றர்க் குச்சியைக் கையாளும் தேவை வீட்டுப் பட்டறைக்கு வருவதே அரிது. ஆகவே, உண்மையாக 140 அல்லது 160 அம்பியர் தரும் யந்திரம் நம் தேவைக்குத் தாராளமாகப் போதும்.

"உண்மையாக" என்ற சொல்லைக் கவனிக்க. பெட்டியின் முகத்திலுள்ள எண் உண்மையா என்பதை மாணவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். குச்சி வெல்டிங்கின் மின்வில் அழுத்தத்தை அறிய ஒரு வாய்பாடு உண்டு: அம்பியரை 0.04 ஆற் பெருக்கி 20-ஐக் கூட்டவேண்டும். 250 அம்பியருக்கு இது 30 வோல்ற்று ஆகும். 250-ஐ 30 ஆற் பெருக்கினால் 7,500 உவாற்று. யந்திரத்தில் எள்ளளவும் இழப்பில்லை என்று கொண்டாலும், 230 வோல்ற்று வழங்கலிலிருந்து 32 அம்பியருக்கு மேல் இழுக்கவேண்டும். சதுர முனைகளுள்ள சாதாரணப் பிளக்கோ 13 அம்பியருக்கு, அதாவது 2,990 உவாற்றுக்கு ஆக்கப்பட்டது. எனவே, 250 என்று முகத்தில் எழுதி, 13 அம்பியர்ப் பிளக்கும் மெல்லிய வயரும் பூட்டிய பெட்டி அவ்வளவு அம்பியரை நீடித்துத் தருதல் இயலாத காரியம். பெட்டியின் முகம் பொய் சொல்லினும் அதன் பிளக் பொய் சொல்லாது.

வீட்டு மின்சாரம் தாங்குமா?

இனி, கட்டாயமாகக் கவனிக்கவேண்டிய வினாவுக்கு வருவோம். நம் நாட்டு வீடுகளிற் பலவற்றுக்கு ஒருகட்ட மின்சாரம் 30 அம்பியர் அளவிலேயே வழங்கப்படுகின்றது. அதிலும் குளிர்சாதனப் பெட்டி, நீரிறைக்கும் மோட்டார், அரிசி அவிக்கும் பாத்திரம் ஆகியவை பங்கு கேட்கும்.

80 அம்பியரில் 2.5 மில்லிமீற்றர்க் குச்சியை எரிக்கும்போது, மின்வில்லுக்குச் செல்வது ஏறக்குறைய 1,850 உவாற்று. யந்திரத்தின் உள்ளிழப்பையும், சிறிய யந்திரங்கள் மின்னோட்டத்தைச் சீரின்றித் துடிப்புத் துடிப்பாக இழுப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுவரிலிருந்து 13 அல்லது 14 அம்பியர் வரை செல்லும். இதனை நல்ல நிலையிலுள்ள ஒரு தனிக் குதை, இடைக்கிடை ஓய்வு கொடுத்து வேலை செய்யும்போது தாங்கிக்கொள்ளும். அதே யந்திரத்தை 160 அம்பியருக்கு முறுக்கினால், இழுப்பது 30 அம்பியரை எட்டிவிடும். அஃதாவது, முழு வீட்டுக்கும் உரிய மின்சாரத்தை அது ஒன்றே விழுங்கிவிடும். 250, 300 என்று ஆசைப்படுவது எத்துணைப் பொருளற்றது என்பது இதனால் விளங்கும்.

3.2 மில்லிமீற்றர்க் குச்சியும் எரிக்க விரும்புவோர், தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு, பிரதான பலகையிலிருந்து பட்டறைக்குத் தனியாக ஒரு வழி இழுப்பித்தல் வேண்டும். அதற்குரிய கம்பி தடிப்பையும் சுற்றுடைப்பான் அளவையும் யந்திரத்தின் தகட்டைப் பார்த்து அவர் கூறுவார். புவித் தொடுப்பும், மின்னொழுக்கு நேர்ந்தவுடன் விழும் ட்ரிப் சுவிட்சும் சரியாக வேலை செய்கின்றனவா என்று அன்றே சோதிப்பித்துக் கொள்க. பழைய வீடுகளில் இவ்விரண்டும் பெயரளவில் மட்டும் இருப்பதுண்டு.

நீட்டு வயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறுக்குவெட்டு ஒரு சதுர மில்லிமீற்றர் உள்ள மெல்லிய வயர் 20 மீற்றர் நீளம் இருந்தால், போக வர 40 மீற்றர்ச் செம்புக்குத் தடை ஏறக்குறைய 0.7 ஓம். அதனூடாக 15 அம்பியர் பாய்ந்தால் 10 வோல்ற்று இழக்கப்படும். 150 உவாற்றுக்கு மேல் வயரிலே வெப்பமாக மாறும். உருளையிற் சுற்றியபடியே வைத்து இதனைப் பயன்படுத்தினால், வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகித் தீப்பற்றும். ஆகவே 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயரைக் கொண்டு, முழுவதும் விரித்துப் போட்டே வேலை செய்யவேண்டும்.

தகட்டை வாசிக்கும் முறை

ஒழுங்கான யந்திரத்தின் பின்புறத்தில் ஒரு சிறு தகடு பொருத்தப்பட்டிருக்கும். ஐ.ஈ.சி. 60974 என்னும் சர்வதேச நியமத்தின்படி அதில் அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் எக்ஸ் என்ற எழுத்துக்கு எதிரே ஒரு நூற்றுவீதம் காணப்படும். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் யந்திரம் தொடர்ந்து எரியலாம் என்பதைக் கூறும் எண் அது. 160 அம்பியரில் 30 வீதம் என்றால், மூன்று நிமிடம் எரித்து ஏழு நிமிடம் ஆறவிடவேண்டும் என்பது பொருள். மின்னோட்டத்தைக் குறைத்தால் எரிக்கக்கூடிய நேரம் கூடும். அதே யந்திரம் 87 அம்பியரில் ஓய்வின்றியே எரியவல்லது. 2.5 மில்லிமீற்றர்க் குச்சி ஒன்று ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எரிந்து முடிந்துவிடும். பின்னர் கசடு தட்டவும் அடுத்த துண்டைப் பொருத்தவும் நேரம் செல்லும். ஆதலின் வீட்டு வேலைக்கு 30 வீதம் தாராளமாகும்.

இந்த நூற்றுவீதம் 40 பாகை வெப்பத்திலே சோதிக்கப்பட்டதாக இருத்தல்வேண்டும் என்பது அந்நியமம். சில மலிவு யந்திரங்கள் 20 பாகையிற் கண்ட எண்ணைத் தாங்கி வருகின்றன. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் வேலை செய்யும் நம் பட்டறைக்கு அந்த எண் உதவாது. தகடே இல்லாத யந்திரத்தை, விலை எவ்வளவு மலிவாயினும், வாங்காது விடுதலே விவேகம்.

பழைய ட்ரான்ஸ்போமரா, புதிய இன்வேர்ட்டரா?

பழைய வகை யந்திரத்தினுள் இருப்பது, இரும்புக் கருவில் செம்பு சுற்றிய பெரிய ட்ரான்ஸ்போமர். உறுதியானது, கெடுவதற்கு அதில் அதிகம் இல்லை, பல பட்டறைகளில் பல்லாண்டு உழைத்து வருகின்றது. ஆனால் அது கனமானது. மின்சாரத்தையும் மிகுதியாக இழுக்கும். சாதாரணமாக ஆடலோட்டமே தருவதால், மின்வில்லைப் பற்றவைத்து நிலைநிறுத்தப் புதியவர் சிரமப்படுவர்.

இன்வேர்ட்டரோ, செக்கனுக்கு 100 தடவை திசை மாறும் வீட்டு மின்சாரத்தை முதலில் நேரோட்டமாக்கி, பின்னர் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறச் செய்கின்றது. திசைமாற்றம் விரைவடைய விரைவடைய ட்ரான்ஸ்போமருக்கு வேண்டிய இரும்பு குறைந்துகொண்டே போகும். அதனாலேயே முழு யந்திரமும் சில கிலோகிராம் எடைக்குள் அடங்கிவிடுகின்றது. வெளியே வருவது சீரான நேரோட்டம். குச்சி எளிதிற் பற்றும். ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் தானே தாழ்ந்துவிடும் வசதியும் பலவற்றில் உண்டு. மின்சாரச் செலவும் குறைவு.

அதன் பகைவர் தூசியும் ஈரமுமாவர். இரும்பு அராவும்போது பறக்கும் பொடி மின்கடத்தியாதலால், விசிறியினால் உள்ளிழுக்கப்பட்டு நுண்ணிய சுற்றுக்களை எரித்துவிடும். அராவும் வேலையைத் தூரத்தே வைத்துக்கொள்க. கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்றுப் படாத இடத்தில் மூடி வைக்கவேண்டும். பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடிபுகாதவாறு பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இக்கவனம் இருப்பின், வீட்டுப் பட்டறைக்கு இன்வேர்ட்டரே மேலானது. வாங்கும் கடையிலேயே 2.5 மில்லிமீற்றர்க் குச்சிகள் இரண்டை எரித்துக் காட்டும்படி கேட்க வேண்டும். பழுதானால் திருத்துவோர் யார், உதிரிப் பாகம் கிடைக்குமா என்றும் வினவுதல் வேண்டும். இதற்கு முகங்கொடாத கடையில் வாங்காமலிருப்பது நலம்.

கண்ணும் உயிரும்

கையிலுள்ள பணம் முழுவதையும் யந்திரத்திற்கே செலவிட்டுவிட்டு, முகமூடிக்குப் பிறகு பார்ப்போம் என்று எண்ணுவது பெருந்தவறு. வீதியோரப் பட்டறைகளில் வெறுங் கண்ணுடன், அல்லது கறுப்புக் கண்ணாடித் துண்டொன்றைக் கையிற் பிடித்தபடி வேலை செய்வோரை நாம் காண்கிறோம். அது திறமையின் அடையாளமன்று. மின்வில்லிலிருந்து வரும் புறவூதாக் கதிர் கண்ணின் மேற்படலத்தைச் சுட்டுவிடும். சுடும்போது தெரியாது. சில மணித்தியாலம் சென்று, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணுள் மணலைக் கொட்டியது போன்ற வேதனையும் நீர்வடிதலும் தொடங்கும். தாய்ப்பால் விடுதல், உருளைக்கிழங்குத் துண்டு வைத்தல் முதலிய கைவைத்தியங்களை விடுத்து வைத்தியரை நாடவேண்டும். உலக சுகாதார தாபனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2017-ஆம் ஆண்டில், வெல்டிங் புகையையும் அதன் புறவூதாக் கதிரையும், மனிதரிற் புற்றுநோய் விளைவிப்பவை என்னும் முதலாம் வகுப்பில் இட்டது.

ஆகவே, யந்திரத்துடன் ஒரே நாளில் வாங்கவேண்டியவை இவை: 10 அல்லது 11 ஆம் இலக்கக் கருமையுடைய, முகம் முழுவதையும் மறைக்கும் முகமூடி, கசடு தட்டும்போது அணிய வெண்கண்ணாடி, நீண்ட தோற் கையுறை, மூடிய தோற் சப்பாத்து, தடித்த பருத்திச் சட்டையும் காற்சட்டையும். மின்வில் எழுந்தவுடன் தானே கருமையாகும் முகமூடி புதியவருக்கு மிகவும் உதவும். சாரமும் றப்பர்ச் செருப்பும் இவ்வேலைக்கு ஆகா; நைலோன் ஆடை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி எவ்வகையிலும் காப்பாகாது. வேடிக்கை பார்க்கும் சிறுவருக்கும் அயல்வீட்டாருக்கும் கண் உண்டென்பதை நினைந்து, ஒளி வெளியே செல்லாதவாறு மறைப்பு இடுக.

மின்வில் எரியாதபோது குச்சி முனையில் 80 வோல்ற்று வரை நிற்கக்கூடும். உலர்ந்த உடலுக்கு அது சிறு அதிர்ச்சியாயிருக்கலாம். வியர்வையில் நனைந்து, ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு அதுவே கூற்றுவனாகிவிடும். மழைக்காலத்தில் முற்றத்து வேலையை ஒத்திவைப்பதே அறிவு. இருதயத் துடிப்பைச் சீர்ப்படுத்தும் கருவி பொருத்தியவர்கள் வைத்தியரின் ஆலோசனையின்றி இதன் அருகிற் செல்லலாகாது.

தீயை மறத்தலும் கூடாது. பொறி பத்து மீற்றர் தூரமும் பாயவல்லது. கிடுகு வேலி, தும்பு, விறகு, பெயின்ற் தகரம் ஆகியவற்றை முன்னரே அகற்றி, ஒரு வாளி மணலை அருகில் வைத்துக்கொள்ளவேண்டும். வேலை முடிந்த பின்னும் அரை மணி நேரமாவது அவ்விடத்தைக் கவனித்திருத்தல் வேண்டும். பெற்றோலோ எண்ணெயோ இருந்த பீப்பாயை, கழுவியதாயினும், ஒருபோதும் ஒட்ட முற்படலாகாது. உள்ளே எஞ்சிய ஆவி வெடிக்கும். நாகம் பூசிய குழாயை ஒட்டும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்று மாலையே நடுக்கத்துடன் காய்ச்சல் வரும். பால் குடித்தால் அந்த நஞ்சு நீங்கும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. பூச்சை அராவி நீக்கி, காற்றோட்டமான இடத்தில், புகைக்கு மேலே தலையை நீட்டாமல் வேலை செய்வதே வழி. குளோரீன் கலந்த எண்ணெய் நீக்கி கொண்டு துடைத்த இரும்பை அது முற்றாக உலருமுன் ஒட்டலாகாது. முதலாம் உலகப் போரிலே படைவீரரைக் கொன்ற பொஸ்ஜீன் என்னும் நச்சுவாயு அதிலிருந்து தோன்றக்கூடும்.

தொடக்கத்தில் செய்யவேண்டியது

முதல் மாதத்தில் உருப்படியான பொருள் எதையும் செய்ய எண்ணாது, கழிவு இரும்புத் துண்டுகளிலே பழகவேண்டும். 6013 என்று எண் பொறித்த குச்சி புதியவருக்கு ஏற்றது. அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் உலோகத்தின் வலிமையையும், மூன்றாவது எந்நிலையிலும் ஒட்டலாம் என்பதையும் குறிப்பன. குச்சிகளை ஈரம் படாத மூடிய தகரத்தில் வைத்தல் அவசியம். இரு துண்டுகளைச் செங்கோணமாக ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, இடுக்கியிற் பிடித்துச் சுத்தியலால் மடித்து உடைத்துப் பார்த்தால், உள்ளே துளையும் கசடும் இருக்கின்றனவா, உலோகம் அடிவரை உருகிக் கலந்ததா என்பது தெரியும். மேற்பரப்பின் அழகு பல வேளைகளில் ஏமாற்றும். உடைத்துப் பார்த்த இணைப்பு ஏமாற்றாது.

வாய்ப்புள்ள மாணவர்கள், தொழிற்பயிற்சி அதிகாரசபை நடத்தும் வெல்டிங் வகுப்புக்களைப் பற்றித் தம் மாவட்டத்தில் விசாரித்தறியலாம். ஊரிலுள்ள நல்ல தொழிலாளர் ஒருவரிடம் பணிவுடன் சென்று சில நாள் நின்று பார்த்தாலும் பயனுண்டு. ஆயினும், பல்லாண்டு பழகிய கை வரும்வரை சில வேலைகளைத் தொடாதிருத்தல் கடமை. துவிச்சக்கர வண்டியின் முன் கவை, மோட்டார் வாகனத்தின் அடிச்சட்டம், உயரத்தில் நீர்த்தொட்டியைத் தாங்கும் கால்கள் ஆகியன அத்தகையவை. இவற்றில் ஓர் இணைப்பு விட்டுப்போனால் இழப்பது இரும்பை அன்று, ஓர் உயிரை.

ஆகவே கடைக்குச் செல்லுமுன், ஒட்டப்போகும் இரும்பின் தடிப்பு, அதற்குரிய குச்சி, வீட்டு மின்சாரத்தின் அளவு, முகமூடிக்கும் கையுறைக்கும் ஒதுக்கிய பணம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்க. அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு, தகடு பொருத்திய, 30 வீதமாவது உழைக்கும், 140 அல்லது 160 அம்பியர் இன்வேர்ட்டர் ஒன்றைத் தெரிந்தெடுப்பது கடினமன்று. எஞ்சிய பணத்திற்கு ஒரு பெட்டி குச்சி கூடுதலாக வாங்கலாம். கைப்பழக்கம் எரித்த குச்சிகளின் எண்ணிக்கையாலே வளரும். பெட்டியின் முகத்திலுள்ள எண்ணால் அது வளர்வதில்லை.